பள்ளிவாசல்களின் வரலாறும் கட்டடக்கலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிவாசல் என்றால் குவிமாடமும் மினாராவும் (உயர்ந்த கோபுரம்) இருந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. தொழச் சுத்தமான தரை வேண்டும், மெக்காவில் கஅபா இருக்கும் திசை (கிப்லா) தெரிய வேண்டும், வரிசையாக நிற்க இடம் வேண்டும், பக்கத்தில் ஒளு செய்ய (தொழுமுன் முகம், கை, கால் கழுவ) தண்ணீர் வேண்டும். அவ்வளவுதான். குவிமாடம், மினாரா, வளைவு, நீல ஓடு எல்லாம் பிறகு வந்தவை, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு தேவைக்காக வந்தது. அதனால்தான் மாலியில் மண்ணிலும் ஜாவாவில் மரத்திலும் சீனாவில் ஓட்டுக்கூரையோடும் பள்ளிவாசல்கள் நிற்கின்றன. எல்லாமே முறையான பள்ளிவாசல்கள்தான். "இது பள்ளிவாசல் மாதிரியே இல்லையே" என்று யாராவது சொன்னால் அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் இஸ்தான்புல்லோ டெல்லியோதான்.

முதல் பள்ளிவாசல் எது? எப்படி இருந்தது?

கி.பி. 622இல் நபிகள் நாயகம் மெக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்தபோது ஊருக்கு வெளியே குபாவில் கட்டியதுதான் முதல் பள்ளிவாசல் என்பது மரபு. ஆனால் கட்டடக்கலைக்கு முன்மாதிரியானது அதன் பிறகு மதீனாவுக்குள் எழுந்த பள்ளிவாசல்தான். அதில் சுவர் பச்சைச் செங்கல், தூண் பேரீச்ச மரம், கூரை பேரீச்ச ஓலை. நடுவே திறந்த முற்றம். பக்கத்திலேயே நபிகளின் குடும்பம் வசித்த சிறு அறைகள். தொழுகை, ஆலோசனை, வழக்கு விசாரணை, வெளியூர் ஆட்களைச் சந்திப்பது என்று எல்லாமே அங்கேயே நடந்தன. முதலில் ஜெருசலேமை நோக்கித் தொழுதார்கள், 624இல் திசை மெக்காவுக்கு மாறியது.

முற்றமும் அதன் ஒரு பக்கத்தில் தூண்கள் தாங்கும் நிழற்கூடமுமாக இருந்த அந்த அமைப்புதான் அடுத்த சில நூற்றாண்டுகளுக்கு ஈராக்கிலிருந்து ஸ்பெயின் வரை பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கட்டப்பட்டது. அன்றைய எளிய கட்டடம் இன்று அங்கே இல்லை. கலீஃபாக்கள் (நபிகளுக்குப் பின் வந்த முஸ்லிம் ஆட்சித் தலைவர்கள்), எகிப்தை ஆண்ட மம்லூக்குகள், துருக்கிய உதுமானியர்கள், அப்புறம் சவூதி அரசு என்று ஒவ்வொருவரும் விரித்து விரித்து, அது இப்போது உலகின் மிகப் பெரிய பள்ளிவாசல்களில் ஒன்று.

அப்படியானால் மினாரா எப்போது வந்தது?

நபிகள் காலத்தில் மினாரா கிடையாது. நபிகளின் தோழர் பிலால் ஒரு வீட்டின் கூரைமேல் ஏறிப் பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) சொன்னார் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் செய்தி. டமாஸ்கஸில் உமையா கலீஃபா முதலாம் வலீத் 715 வாக்கில் முடித்த பெரிய பள்ளிவாசல், முன்பு ரோமானியரின் ஜூபிடர் கோயிலும் பிறகு யோவான் ஸ்நானகரின் தேவாலயமும் இருந்த வளாகத்தில் எழுந்தது. அந்தப் பழைய மதிலின் மூலைக் கோபுரங்கள் அப்படியே பாங்கு சொல்லப் பயன்பட்டன. யோவானின் தலை என்று நம்பப்படுவதை வைத்த சிறு மாடம் இன்றும் தொழுகைக் கூடத்துக்குள் இருக்கிறது, முஸ்லிம்களுக்கு அவர் யஹ்யா நபி.

துனிசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் நிற்கும் சதுர மினாரா, இன்றும் எழுந்து நிற்கும் மிகப் பழைய மினாராக்களில் ஒன்று. உயரம் 31.5 மீட்டர், அடியில் பருத்து, மேலே அடுக்கடுக்காகச் சிறுத்து, கோட்டைக் காவல்கோபுரம் போலவே இருக்கும். வட ஆப்பிரிக்கா முழுக்கச் சதுர மினாராக்களாகவே பார்க்கிறோம் அல்லவா, அந்த மரபின் ஆரம்ப வரிசையில் இது நிற்கிறது. மராகேஷின் குத்துபிய்யா (77 மீட்டர்), செவில் நகரில் இப்போது தேவாலய மணிக்கூண்டாக இருக்கும் ஹிரால்டா இரண்டும் அதே குடும்பம்தான்.

ஈராக்கின் சமர்ராவில் கதையே வேறு. 850 வாக்கில் அப்பாசிய கலீஃபா முதவக்கில் கட்டிய பள்ளிவாசலுக்கு வெளியே, வெளிப்புறமாகவே சுற்றிச் சுற்றி ஏறும் பாதையோடு 52 மீட்டர் உயரச் சுருள் கோபுரம் நிற்கிறது. பாங்கு சொல்லவா அதைக் கட்டினார்கள்? அந்த உயரத்திலிருந்து சொன்னால் கீழே எவ்வளவு கேட்கும்? என் கருத்தில் அது அதிகாரத்தின் அடையாளம், தொலைவிலிருந்து வருகிறவன் நகரத்துக்கு முன் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுந்தது. அதற்குப் பிறகு வந்த மினாராக்களில் பாதிக்கு மேல் இதே கதைதான் என்றும் சொல்லத் தோன்றுகிறது.

மிஹ்ராப் என்பது எதற்கு? மிம்பர்?

கிப்லா சுவரில் இருக்கும் குழிமாடம்தான் மிஹ்ராப், இமாம் அதன் முன் நின்று தொழவைப்பார். குழிந்த வடிவ மிஹ்ராப் முதலில் வந்தது 707-709இல், கலீஃபா வலீதுக்காக மதீனாப் பள்ளிவாசலை உமர் பின் அப்துல் அஸீஸ் திருப்பிக் கட்டியபோது என்பார்கள். மிம்பர் என்பது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையின் உரை நிகழ்த்தும் படி மேடை. கைரவானில் இருக்கும் 9ஆம் நூற்றாண்டுத் தேக்குமர மிம்பர்தான் இன்றும் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது.

ஜெருசலேமில் இருக்கும் தங்கக் குவிமாடம்தானே அல் அக்ஸா?

இல்லை. படங்களில் பளபளக்கும் அந்த எண்கோணக் கட்டடம் குப்பத்துஸ் ஸக்ரா, அதாவது பாறைக் குவிமாடம். கலீஃபா அப்துல் மலிக் 691-692இல் கட்டியது, உள்ளே ஒரு பாறை, அதைச் சுற்றிவர நடைபாதை. வரிசையாக நின்று தொழும் கூடமாக அதை வடிவமைக்கவில்லை. அல் அக்ஸா பள்ளிவாசல் அதே வளாகத்தின் தெற்கு ஓரத்தில், சாம்பல்நிறக் குவிமாடத்தோடு அடக்கமாக இருக்கிறது. (மொத்த வளாகத்தையுமே அல் அக்ஸா என்று சொல்லும் வழக்கமும் உண்டு, குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.) 1969இல் நடந்த தீவைப்பில் அல் அக்ஸாவுக்குள் சலாஹுத்தீன் காலத்திலிருந்து இருந்த மர மிம்பர் எரிந்துபோனது. அதே மாதிரியில் புதிதாகச் செய்ததை 2007இல் வைத்தார்கள்.

பழைய பள்ளிவாசல்களில் கிப்லா தப்பாக இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

இன்றைய வரைபடக் கணக்கை வைத்துப் பார்த்தால் நிறைய இடங்களில் விலகல் இருக்கத்தான் செய்கிறது. ஸ்பெயினின் கோர்டோபாவிலிருந்து மெக்கா ஏறக்குறையக் கிழக்கே இருக்கிறது, பள்ளிவாசலோ தெற்குப் பக்கமாகப் பார்க்கிறது. டமாஸ்கஸில் கிப்லா தெற்கு, அங்கிருந்து வந்த உமையா வம்சத்தார் அந்தப் பழக்கத்தையே கொண்டுவந்தார்கள் என்று ஒரு விளக்கம், ஊரின் பழைய ரோமானியத் தெருக்களை ஒட்டிக் கட்டினார்கள் என்று இன்னொரு விளக்கம். அன்று சூரியன் உதிக்கும் திசை, சில நட்சத்திரங்கள், முன்னோர் கட்டிய சுவர் என்று பலவற்றை வைத்துத் திசை பார்த்தார்கள். கோளக் கணிதத்தால் கிப்லாவைத் துல்லியமாகக் கணக்கிட அல் பீரூனி போன்றவர்கள் வழி சொன்ன பிறகும் எல்லா ஊரிலும் அதைப் பின்பற்றவில்லை.

இதைவிடச் சுவையானது, கிப்லா ஒரு பக்கமும் தெரு இன்னொரு பக்கமும் பார்க்கும்போது கட்டடக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பது. கெய்ரோவில் 1125இல் கட்டிய அல் அக்மர் பள்ளிவாசல் சிறியதுதான், ஆனால் அதன் முகப்புத் தெருவை ஒட்டியும் உட்புறம் கிப்லாவை ஒட்டியும் இருக்கிறது. நடுவில் விழும் முக்கோண இடைவெளியைச் சுவரின் கனத்தைக் கூட்டிக் குறைத்து மறைத்துவிட்டார்கள். இஸ்பஹானில் ஷா பள்ளிவாசல் (1611இல் தொடங்கியது) இதே சிக்கலைப் பெரிய அளவில் தீர்த்தது. மைதானத்தைப் பார்த்த வாசலில் நுழைந்ததும் நடை வழி சுமார் 45 பாகை திரும்பிவிடும், திரும்பியது தெரியாமலேயே முற்றத்துக்குள் வந்துவிடுவீர்கள். இதனால் இன்னொரு லாபம், மைதானத்திலிருந்து பார்க்கும்போது வாசல் குவிமாடத்தை மறைப்பதில்லை.

கோர்டோபாவில் அந்தச் சிவப்பு-வெள்ளை வளைவுகள் ஏன் இரண்டு அடுக்காக இருக்கின்றன?

அழகுக்காக என்று நினைப்போம், உண்மையில் தூண் குட்டையாக இருந்ததுதான் காரணம். 780களில் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கியபோது பழைய ரோமானிய, விசிகோதியக் கட்டடங்களின் பளிங்குத் தூண்கள் நிறையக் கிடைத்தன. ஆனால் அவ்வளவு அகலமான கூடத்துக்கு அந்த உயரத்தில் கூரை போட்டால் உள்ளே மூச்சுமுட்டும். அதனால் தூண்களை ஒன்றோடொன்று கட்டிப்பிடிக்கக் கீழே ஒரு குதிரைலாட வளைவு, தூண் தலையிலிருந்து இன்னொரு கட்டுத்தூண் எழுப்பி அதன்மேல் கூரையைத் தாங்க இரண்டாவது வளைவு. கீழ் வளைவுக்கு மேலே சுவர் இல்லை, வெறும் காற்றுதான். செங்கல்லும் கல்லும் மாறி மாறி வைத்ததால் கோடு விழுந்தது. கூரை உயர்ந்தது, காற்றோட்டமும் வந்தது. முன்பு ஸ்பெயினை ஆண்ட ரோமானியர்கள் நீர்ப்பாலங்களை அடுக்கு வளைவில் கட்டியிருந்ததால் யோசனை அங்கிருந்து வந்திருக்கலாம் என்று பலர் சொல்வார்கள்.

அப்புறம் 200 ஆண்டுகளில் மூன்று முறை விரிவாக்கினார்கள், மூன்று முறையும் அதே வளைவையே தொடர்ந்தார்கள். இந்த ஒழுங்குதான் எனக்கு வியப்பு, ஏனென்றால் அரசர்களுக்கு முன்னவர் செய்ததையே செய்யும் பொறுமை அரிதாகத்தான் இருக்கும். 960களில் இரண்டாம் ஹகம் கட்டிய மிஹ்ராபுக்குத் தங்க மொசைக் வேலை செய்ய பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசரிடமிருந்து கைவினைஞரையும் கண்ணாடிக் கற்களையும் வரவழைத்தார். கடைசியாக 987 வாக்கில் அமைச்சர் மன்சூர் விரித்தபோது ஒரு பக்கம் அரண்மனையும் ஆறும் தடுத்ததால் கிழக்கே மட்டும் நீட்டினார், மிஹ்ராப் நடுவிலிருந்து விலகிப்போனது.

1236இல் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ ஊரைக் கைப்பற்றியதும் அது தேவாலயமானது. 1523இல் நகர மன்றம் எதிர்த்தும், மாமன்னர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி தந்து, தூண் காட்டின் நடுவே ஒரு முழு தேவாலயத்தை எழுப்பினார்கள். பிறகு நேரில் பார்த்த மன்னர், எங்கும் கட்டக்கூடிய ஒன்றுக்காக உலகில் எங்கும் இல்லாத ஒன்றை அழித்துவிட்டீர்கள் என்று வருந்தினாராம். சொன்னாரோ இல்லையோ, கருத்து சரி. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பயன்பாட்டில் இருந்ததால்தான் மீதி 850க்கும் மேற்பட்ட தூண்கள் தப்பின.

சதுரமான அறைமேல் வட்டமான குவிமாடம் எப்படி உட்காருகிறது?

நல்ல கேள்வி. சதுரத்தின் நான்கு மூலைகளையும் எப்படி வட்டமாக்குவது என்பதற்கு இரண்டு பழைய விடைகள் உண்டு. பாரசீகர் வழி, மூலைக்கு மூலை ஒரு சிறு வளைவைக் குறுக்கே போடுவது. நான்கு மூலை எட்டு மூலையாகும், எட்டின்மேல் வட்டத்தை வைப்பது எளிது. இந்த மூலை வளைவுகளைச் சிறு சிறு குழிகளாகப் பிரித்து அடுக்கியதிலிருந்துதான், தேன்கூடு போலத் தொங்கும் முகர்னாஸ் அலங்காரம் வளர்ந்தது. பைசாந்தியர் வழி, நான்கு பெரிய வளைவுகளுக்கு இடையே கோளத்தின் துண்டு போன்ற வளைந்த முக்கோணங்களைக் கட்டி மேலே வட்டமாக முடிப்பது.

உட்கார வைத்துவிட்டால் மட்டும் போதாது. குவிமாடத்தின் எடை கீழே இறங்குவதோடு சுவரை வெளியேயும் தள்ளும். கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) 537இல் தேவாலயமாகக் கட்டி முடித்த ஹேகியா சோஃபியாவின் முதல் குவிமாடம் நிலநடுக்கத்துக்குப் பின் 558இல் விழுந்தது, கொஞ்சம் உயர்த்திக் கட்டிய இரண்டாவதை 562இல் முடித்தார்கள். உயர்த்தினால் பக்கத் தள்ளல் குறையும்.

உதுமானியப் பள்ளிவாசல்கள் எல்லாம் ஹேகியா சோஃபியாவின் நகல்தானே?

பாதி உண்மை. 1453இல் இரண்டாம் மெஹ்மத் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்து அதைப் பள்ளிவாசலாக்கிய பிறகு, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்தைய அந்தக் கட்டடம் எல்லாச் சுல்தான்களின் கண்ணிலும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் மிமார் சினான் செய்தது நகல் இல்லை, நீண்ட விவாதம். படையில் பாலம் கட்டும் பொறியாளராக இருந்தவர், ஏறக்குறைய 50 வயதில் தலைமைக் கட்டடக் கலைஞராகி, 1588இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

ஹேகியா சோஃபியாவில் கிழக்கிலும் மேற்கிலும் அரைக் குவிமாடங்கள் தாங்க, மற்ற இரு பக்கமும் பெரிய முட்டுச்சுவர்கள். பக்கக் கூடங்கள் தூண்களுக்குப் பின்னே இருட்டில் ஒதுங்கிவிடும். தேவாலயச் சடங்குக்கு அது பொருத்தம், ஆனால் எல்லோரும் தோளோடு தோள் நின்று ஒரே சுவரை நோக்கும் தொழுகைக்குத் தூண் இடைஞ்சல். இஸ்தான்புல் சுலைமானியாவில் (1550-1557) சினான் அதே அமைப்பை எடுத்துப் பக்கங்களைத் திறந்துவிட்டார். எடிர்னேயில் செலிமியாவைக் கட்டும்போது (1568-1575) அந்த அமைப்பையே கைவிட்டு, எட்டுத் தூண்களைச் சுவரோரம் தள்ளி, 31 மீட்டருக்குச் சற்று அதிகமான ஒரே குவிமாடத்தின் கீழ் மொத்தக் கூடத்தையும் கொண்டுவந்தார். நுழைந்த நொடியில் முழு இடமும் ஒரே பார்வையில் தெரியும். ஹேகியா சோஃபியாவை மிஞ்சிவிட்டேன் என்று சினான் பெருமைப்பட்டார். அளந்தால் அகலம் ஏறக்குறையச் சமம், தரையிலிருந்து உயரம் ஹேகியா சோஃபியாவுக்குத்தான் அதிகம். இருந்தாலும் என் ஓட்டு செலிமியாவுக்கு.

நீலப் பள்ளிவாசலுக்கு ஆறு மினாரா வைத்ததில் என்ன பிரச்சினை?

சுல்தான் அகமது 1609இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய அந்தப் பள்ளிவாசலுக்கு ஆறு மினாரா வைத்தபோது, மெக்காவுக்கு நிகராக வைப்பதா என்று முணுமுணுப்பு எழுந்ததாகவும், மெக்காவில் ஏழாவதைக் கட்டிச் சமாளித்ததாகவும் கதை. இதைவிட அன்றைய அறிஞர்களின் எதிர்ப்பு கவனிக்கத்தக்கது. போரில் வென்று வந்த செல்வத்தில் சுல்தான்கள் பள்ளிவாசல் கட்டுவது வழக்கம், அகமதுக்குச் சொல்லிக்கொள்ளும் வெற்றி எதுவும் இல்லை, கருவூலப் பணத்தைத்தான் எடுத்தார். உள்ளே 20,000க்கும் மேற்பட்ட இஸ்னிக் ஓடுகள். அவ்வளவு இருந்தும் நான்கு பருத்த தூண்கள் நடுவில் நின்று பார்வையை மறைக்கின்றன, சினான் தீர்த்துவைத்ததிலிருந்து இது ஒரு பின்வாங்கல் என்றே சொல்வேன்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பின்வரிசைக்கு எப்படிக் கேட்டது?

இமாமின் தக்பீரை ("அல்லாஹு அக்பர்" என்பதை) நடுவில் உயர்ந்த மேடையில் நிற்பவர் உரக்கத் திருப்பிச் சொல்வார், பெரிய பள்ளிவாசல்களில் அந்த மேடையை இன்றும் பார்க்கலாம். கட்டடமும் உதவியது. சினான் குவிமாடத்துக்குள் வாய் திறந்த மண் குடுவைகளைப் பதித்து எதிரொலியைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். இஸ்பஹான் ஷா பள்ளிவாசலில் குவிமாடத்துக்கு நேர் கீழே ஒரு கல்மேல் நின்று கைதட்டினால் அடுத்தடுத்து எதிரொலி வரும், போகிறவர்கள் எல்லோரும் செய்து பார்ப்பார்கள். அங்கே குவிமாடம் இரட்டைத் தோடு, உள்ளே ஒன்று, வெளியே 50 மீட்டருக்கு மேல் எழும் இன்னொன்று, நடுவில் வெற்றிடம்.

ஈரானியப் பள்ளிவாசல்கள் ஏன் வேறு மாதிரி தெரிகின்றன?

முற்றத்தின் நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஈவான், அதாவது முன்பக்கம் முழுக்கத் திறந்த பெரிய வளைவு மண்டபம். இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீக அரண்மனைகளில் இருந்த வடிவம் இது. இஸ்பஹான் ஜாமிஆப் பள்ளிவாசல் 12ஆம் நூற்றாண்டில் இப்படி மாற்றப்பட்ட பிறகு மத்திய ஆசியாவரை பரவியது. அந்த ஒரே பள்ளிவாசலில் தெற்கே அமைச்சர் நிஜாமுல் முல்க் கட்டிய குவிமாடமும், வடக்கே அவருடைய அரசியல் எதிரி தாஜுல் முல்க் ஓரிரு ஆண்டிலேயே போட்டிக்குக் கட்டிய குவிமாடமும் உண்டு. வடக்கிலிருப்பது சிறியது, ஆனால் அளவுப் பொருத்தத்தில் செங்கல் வேலையின் உச்சம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஓட்டு வேலை பற்றி ஒரு சின்ன விஷயம். பழைய முறையில் ஒவ்வொரு நிற ஓட்டையும் தனித்தனியே வெட்டிப் பொருத்துவார்கள், ஆண்டுக்கணக்கில் ஆகும். ஷா பள்ளிவாசலைக் கட்டிய ஈரான் மன்னர் ஷா அப்பாஸுக்குப் பொறுமை இல்லை, அதனால் ஒரே ஓட்டில் பல நிறங்களைத் தீட்டிச் சுடும் முறையை ஷா பள்ளிவாசலில் பெருமளவு பயன்படுத்தினார்கள். அதே மைதானத்தில் இருக்கும் ஷேக் லுத்புல்லாஹ் பள்ளிவாசல் மினாராவும் முற்றமும் இல்லாத சிறிய கட்டடம், அதன் பாலாடைநிறக் குவிமாடத்தைப் பார்த்தால் வேலையின் தரம் புரியும்.

உருவங்களே ஏன் இல்லை?

தொழும் இடத்தில் உருவம் இருந்தால் அது வணக்கத்துக்குரியதாகிவிடும் என்ற எச்சரிக்கை. அதனால் கைவினைஞர்களின் திறமை எழுத்து, கொடி, கணித வடிவம் மூன்றிலும் போய்க் குவிந்தது. டமாஸ்கஸ் மொசைக்கில் ஆறு, மரம், மாளிகை எல்லாம் உண்டு, ஓர் ஆளோ விலங்கோ கிடையாது.

மண்ணால் கட்டிய பள்ளிவாசல் மழையில் கரையாதா?

கரையும். கரையும் என்று தெரிந்தே கட்டியதுதான் மாலியின் ஜென்னே பெரிய பள்ளிவாசல். அந்த இடத்தில் 13ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்தே பள்ளிவாசல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஊரைப் பிடித்த செகு அமது அது ஆடம்பரம் என்று கருதி, மழைநீர் வெளியேறும் வழியை அடைத்துத் தானாகவே இடியவிட்டார். இப்போது இருப்பது 1907இல், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், உள்ளூர்க் கொத்தனார் சங்கத்தின் கைவேலையில் எழுந்தது. வெயிலில் உலர்த்திய மண்கல், அதன்மேல் மண் பூச்சு. வெள்ளம் தொடாமலிருக்க மேடை போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள் அலங்காரம் போலத் தெரியும், உண்மையில் அவை நிரந்தரச் சாரம். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்னால் ஊரே திரண்டு, உமி கலந்து புளிக்கவைத்த ஆற்று மண்ணைச் சுவரில் பூசும். இளைஞர்கள் கட்டைகளில் ஏறிப் பூசுவார்கள், பெண்கள் தண்ணீர் சுமப்பார்கள், மூத்த கொத்தனார்கள் மேற்பார்வை, பாட்டு, மேளம், பகுதிக்குப் பகுதி போட்டி. 2009இல் கனமழையில் ஒரு கோபுரத்தின் மேற்பகுதி விழுந்தது, திரும்பக் கட்டிவிட்டார்கள். சிமென்ட் பூசிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: மண் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சிமென்ட் அதை அடைத்துச் சுவரை உள்ளிருந்தே கெடுத்துவிடும்.

சீனாவிலும் இந்தோனேசியாவிலும்?

சீனாவின் சியான் பெரிய பள்ளிவாசல் பெரும்பாலும் 1392 முதல் மிங் காலத்தில் உருவானது. ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள், வளைந்த ஓட்டுக்கூரைகள், மினாரா இருக்க வேண்டிய இடத்தில் எண்கோண மாடம். சீனக் கோயில்கள் வழக்கமாகத் தெற்கே பார்க்கும், இது மட்டும் கிழக்கு வாசலில் தொடங்கி மேற்கு நோக்கிப் போகிறது, கிப்லா அந்தப் பக்கம். தொழுகைக் கூடத்தின் மரப்பலகைகளில் குர்ஆன் வசனங்கள் அரபியிலும் சீனத்திலும் செதுக்கப்பட்டிருக்கின்றன.

ஜாவாவின் தெமாக் பள்ளிவாசல் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நான்கு பெரிய மரத்தூண்கள், மூன்றடுக்குக் கூரை. அதில் ஒரு தூணை, மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டி சூஃபி ஞானி சுனன் காலிஜாகா செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. குதுஸ் நகரில் 16ஆம் நூற்றாண்டுச் செங்கல் மினாரா பழைய ஜாவா இந்துக் கோயிலைப் போலவே இருக்கும். அடுக்குக் கூரையில் மழைநீர் ஓடிவிடும், இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறும், அந்தத் தட்பவெப்பத்தில் குவிமாடத்துக்கு அவசியமே இல்லை. அங்கும் இப்போது பல ஊர்களில் பழைய கூரையைப் பிரித்துத் தகரக் குவிமாடம் வைப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்தியத் துணைக்கண்டத்தில் எவை முக்கியம்?

ஷாஜஹான் 1656இல் முடித்த டெல்லி ஜாமிஆ மஸ்ஜித், அவர் மகன் அவுரங்கசீப் 1673இல் லாகூரில் முடித்த பாதுஷாஹி இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான் சொல்ல விரும்புவது தெரியாதவற்றை. கர்நாடகத்தின் குல்பர்கா கோட்டைக்குள் 1367இல் எழுந்த ஜாமிஆப் பள்ளிவாசலில் திறந்த முற்றமே இல்லை, மொத்தமும் கூரையின் கீழ். பங்களாதேஷின் பாகர்ஹட்டில் கான் ஜஹான் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய அறுபது குவிமாடப் பள்ளிவாசலில் கூரைமேல் எண்ணினால் 77 வரும், அறுபது என்பது உள்ளே நிற்கும் தூண்களின் எண்ணிக்கை. அகமதாபாத்தின் சீதி சையத் பள்ளிவாசல் (1573) மிகச் சிறியது, ஆனால் மரமும் கிளையும் பின்னிய அதன் கல் சாளரங்களுக்கு ஈடு இல்லை.

தெற்கே வந்தால் கடலோரம் முழுக்க வேறு உலகம். கோழிக்கோட்டின் மிஷ்கால் பள்ளி, 14ஆம் நூற்றாண்டில் ஒரு கப்பல் வணிகர் கட்டியது, மரமும் ஓட்டுக்கூரையுமாகப் பல மாடி. 1510இல் போர்த்துகீசியர் தீவைத்த பிறகு செப்பனிட்டது. கீழக்கரை, காயல்பட்டினம் பழைய பள்ளிவாசல்களில் கல்தூண், தட்டையான கல்கூரை, போதிகை (தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கல்) என்று மண்டப அமைப்பு அப்படியே இருக்கும், சிற்பம் இருக்க வேண்டிய இடத்தில் பூவும் கொடியும். அதே ஸ்தபதிகளின் கை அது.

கோயில் தூண்களை எடுத்துப் பள்ளிவாசல் கட்டியது உண்மையா?

சில இடங்களில் உண்மை, மழுப்பத் தேவையில்லை. டெல்லி குதுப் வளாகத்தின் முதல் பள்ளிவாசலில் 27 கோயில்களின் பொருள் பயன்பட்டதாக அங்குள்ள பாரசீகக் கல்வெட்டே சொல்கிறது. தூண்களில் மணியும் சங்கிலியும் இன்றும் தெரியும். அங்கே முன்சுவர் வளைவுகளைக் கட்டிய உள்ளூர் வேலையாட்கள் ஆப்புக்கல் வைத்துக் கட்டும் முறையில் பழகாதவர்கள், அதனால் கற்களைச் சிறிது சிறிதாக முன்னே நீட்டி அடுக்கி வளைவு போலச் செதுக்கினார்கள். வென்றவர் தோற்றவரின் வழிபாட்டிடத்தை எடுத்துக்கொள்வது அன்று எல்லாத் திசையிலும் நடந்தது. கோர்டோபாவும் ஹேகியா சோஃபியாவும் எதிரெதிர் உதாரணங்கள்.

பெண்கள் கட்டிய பள்ளிவாசல்கள் உண்டா?

நிறைய. மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் கரவிய்யீன் பள்ளிவாசலை 859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி தன் சொத்தில் கட்டினார் என்பது மரபு. ஈரானின் மஷ்ஹதில் 1418இல் தைமூரிய அரசி கௌஹர்ஷாத், இஸ்தான்புல்லில் இளவரசி மிஹ்ரிமா. அதே ஊரின் யேனி ஜாமியை 1597இல் சஃபியே சுல்தான் தொடங்கி, மகன் இறந்ததும் அதிகாரம் போய் வேலை நின்று, அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து துர்ஹான் சுல்தான் முடித்தார். போபாலில் ஷாஜஹான் பேகம் தொடங்கிய தாஜுல் மஸாஜித் பணமில்லாமல் நின்று, 1985இல்தான் முடிந்தது.

போரில் இழந்தவை?

அலெப்போ பெரிய பள்ளிவாசலின் 11ஆம் நூற்றாண்டு மினாரா 2013 ஏப்ரலில் சண்டையில் விழுந்தது. மோசுலில் அல் நூரிப் பள்ளிவாசலின் சாய்ந்த மினாராவை 2017 ஜூனில் ஐ.எஸ். அமைப்பினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். யுனெஸ்கோ உதவியோடு இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய செங்கற்களையும் சேர்த்து, சாய்வு மாறாமல் மீண்டும் எழுப்பிவிட்டார்கள்.

இன்று கட்டப்படும் பள்ளிவாசல்களில் பார்க்கத் தகுந்தது ஏதாவது?

உயரப் போட்டி ஒரு பக்கம். காசாபிளாங்காவில் 1993இல் திறந்த ஹசன் II பள்ளிவாசலின் மினாரா 210 மீட்டர், அல்ஜியர்ஸில் அதைத் தாண்டி 265 மீட்டர். காசாபிளாங்காவில் கூரை திறந்து மூடும், பாதிக் கட்டடம் கடலுக்கு மேலே. உப்புக்காற்றில் கான்கிரீட் அரித்து, 2005லேயே பழுதுபார்க்க வேண்டி வந்தது.

எனக்குப் பிடித்த கதை துருக்கியக் கலைஞர் வேதாத் தாலோகாயுடையது. அங்காராவின் கோஜாதெபே பள்ளிவாசலுக்கு 1957 போட்டியில் அவருடைய நவீன வடிவம்தான் வென்றது. அஸ்திவாரம் போட்ட பிறகு, இது பள்ளிவாசல் போல இல்லை என்று எதிர்ப்புக் கிளம்பி, அதைக் கைவிட்டு உதுமானிய பாணியில் இன்னொன்றைக் கட்டினார்கள். அவர் அந்த யோசனையை வளர்த்துக்கொண்டுபோய் இஸ்லாமாபாத்தில் கூடார வடிவில், குவிமாடமே இல்லாத ஃபைசல் பள்ளிவாசலாக்கினார், 1986இல் முடிந்த அது இன்று பாகிஸ்தானின் அடையாளம். டாக்காவில் மரினா தபஸ்ஸும் 2012இல் முடித்த பைத்துர் ரவூஃப் இன்னும் ஒரு படி மேலே போய் குவிமாடம், மினாரா இரண்டையும் விட்டுவிட்டது. செங்கல் சுவர், கூரைத் துளைகளிலிருந்து தரையில் விழும் வெளிச்சம், சுவர் இடுக்குகளில் காற்று. 2016இல் ஆகாகான் கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது.

முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாமா?

ஊருக்கு ஊர் மாறும். மெக்காவின் ஹரமுக்குள் (புனித எல்லைக்குள்) அனுமதி இல்லை. மொரோக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள்ளும் விடமாட்டார்கள், ஹசன் II விதிவிலக்கு, வழிகாட்டியோடு குறித்த நேரத்தில் போகலாம். துருக்கியில் தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போனால் தடை இல்லை. ஹேகியா சோஃபியாவில் 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டணத்தோடு மேல்மாடம் மட்டும், கீழ்த்தளம் தொழுகைக்கு. எங்கே போனாலும் வெள்ளிக்கிழமை நடுப்பகலைத் தவிர்த்துவிடுங்கள், கைகால் மூடிய உடையும் பெண்களுக்குத் தலைத்துணியும் தேவைப்படும், செருப்பை வாசலிலேயே விட வேண்டும், தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது.